அவுக காலுக்கு நான் போட்ட ஷூ

புருசன் பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லும். இருபத்தெட்டு வருசமா நான் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், செல்லச்சாமி செல்லச்சாமின்னு. ஆயுசு ஒண்ணும் கொறைஞ்ச மாதிரி தெரியலை. கால் விரலு ஒண்ணுதான் கொறைஞ்சிருக்கு. அதுக்கும் நான் பேரு சொன்னது காரணம் இல்லை. செருப்புப் போடாம பழனிக்கு நடந்ததுதான் காரணம்.

நான் சேதுலட்சுமி. எங்க ஊரு சின்னாண்டியேந்தல். ராமநாதபுரத்துல இருந்து பரமக்குடி போற ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்குள்ள மூணு கிலோமீட்டரு உள்ள வரணும். மழை பேஞ்சா நெல்லு, பேயாட்டி மிளகாய். பெரும்பாலும் மிளகாய்தான்.

அவுகளைப் பத்திச் சொல்லணும்னா ஒண்ணு சொன்னாப் போதும். ஒரு தடவை மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுல இறங்கி யாருட்டயும் வழி கேக்காம இவுகளாவே நடந்து, வேற ஒரு மண்டபத்துக்குள்ள போயி உக்காந்துட்டாக. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரையும் இதுக்கு முன்னாடி பாத்ததில்லைன்னு நான் சொல்றேன். "மேக்கப்பு போட்டா அப்படித்தான் தெரியும், நீ சாப்பிடு"ன்னு சொல்றாக. தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு சொல்லுவாங்கள்ல, இவுக பிடிச்ச முயலுக்குக் காலே கிடையாது.

கல்யாணமாகி மூணு வருசம் எங்களுக்குப் புள்ளை இல்லை. புள்ளை பொறந்தா பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து வாரேன்னு நேந்துக்கிட்டாக. ஜெயப்பிரியா பொறந்தா. நடந்து போனாக. அதோட கணக்கு தீந்துச்சுல்ல? தீரலை. அவ இப்பக் கோயம்புத்தூர்ல கம்பெனி வேலைக்குப் போறா, இவுக இன்னும் வருசா வருசம் நடக்குறாக. ராமேஸ்வரம் போயி கடல்ல முங்கி, தீர்த்தம் எடுத்துக்கிட்டு வந்து, இங்கன இருந்து ஒம்போது நாளு நடை. இருபத்தி நாலு வருசம், வெறுங்காலு. பத்து இருபது பேரு போற கூட்டத்துக்கு இவுகதான் முன்னாடி வேலைப் பிடிச்சுக்கிட்டுப் போறது.

இதுக்கு நடுவுல சுகர் வந்துச்சு. வந்தது யாருக்குத் தெரியும்? வந்து எத்தனை வருசமாச்சோ. போன வருசம் பழனி போயிட்டு வந்து மூணாம் நாளு, வென்னி வச்சுக் காலை ஊற வைக்கச் சொன்னேன். பாதத்தைத் தூக்கிப் பாத்தா, சுண்டுவிரலுக்குக் கீழ ஒரு கருவேல முள்ளு. பாதி முள்ளு உள்ள, சுத்திச் சீழு.

"இது எப்பக் குத்துச்சு?"ன்னு கேட்டேன்.

"எது?"ன்னாக.

அந்த "எது"வை நான் இன்னும் மறக்கலை. கருவேல முள்ளு குத்துனா யானையே கத்தும். இந்த மனுசன் அதை வச்சுக்கிட்டு எத்தனை நாளு நடந்தாரோ, அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில சுண்டுவிரலை எடுத்துட்டாங்க. நான் வார்டு வாசல்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கேன், உள்ள இருந்து நர்சுட்ட சொல்றாக, "விடும்மா, பத்துல ஒம்போது இருக்குல்ல, பாஸ் மார்க்குத்தான்."

இந்த வருசம் மாசி பொறந்ததும் பேச்சு ஆரம்பிச்சிருச்சு. இருபத்தஞ்சாவது வருசமாம். விடக் கூடாதாம். நான் ஒண்ணும் சொல்லாம ராமநாதபுரத்துக்கு சுகர் டாக்டரம்மாட்டக் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். அந்தம்மா சொன்னாக் கேப்பாகன்னு ஒரு நப்பாசை.

டாக்டரம்மா தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிசா ஒண்ணை எடுத்துச்சு. "கண்ணை மூடிக்கோங்கய்யா. நான் பாதத்தைத் தொடும்போது தெரியுதுன்னு சொல்லுங்க"ன்னுச்சு. இவுக கண்ணை மூடுனாக. "தெரியுது"ன்னாக. கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்பயும் தெரியுது"ன்னாக. அந்தம்மா இன்னும் கையையே கொண்டு போகலை. என்னையப் பாத்துச்சு. எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியலை. அப்புறம் அது நெசமாவே பாதம் முழுக்க எட்டு எடத்துல தொட்டுச்சு, அப்ப இவுக வாயே தெறக்கலை.

போகாம இருக்குறது நல்லதுன்னு டாக்டரம்மா சொல்லிப் பாத்துச்சு. முருகன் கூப்பிடுறாருன்னு இவுக சொன்னாக. பங்குனி மாசம் இந்த மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கும் அது, பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னுச்சு. "போறதா இருந்தா வெறுங்காலு கூடவே கூடாது. விரலுக்கு நடுவுல வாரு வர்ற செருப்பும் கூடாது. முன்னாடி அகலமா, உள்ள மெத்துன்னு இருக்குற ஷூ வாங்குங்க. சாயங்காலமாப் போயி வாங்குங்க, அப்பத்தான் காலு வீங்கி இருக்கும், அளவு சரியா வரும். வெள்ளை சாக்ஸ் போடச் சொல்லுங்கம்மா. ரத்தம் வந்தாத் தெரியணும்ல." என்னையத்தான் பாத்துச் சொன்னுச்சு. இன்னொரு புண்ணு வந்தா விரலோட நிக்காது, பாதம் போயிரும்னும் சொன்னுச்சு. இவுக அந்நேரம் ஜன்னல் வழியா மேகத்தைப் பாத்துக்கிட்டு இருக்காக. களத்துல மிளகாய் காயுதுல்ல, அந்தக் கவலை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "செருப்புக் காலோட சாமியைப் பாக்க நடக்குறதா? என்னைய என்னன்னு நெனைச்ச?" நானும் விடலை. கடைசியில முருகன்ட்டயே கேட்டுருவோம்னு முடிவாச்சு. எங்க ஊருக் கோயில்ல பூக்கட்டிப் போட்டுப் பாக்குற வழக்கம் உண்டு. செவப்பு வந்தா ஷூ, வெள்ளை வந்தா வெறுங்காலு. பூசாரி வேல்ராஜு அரளியையும் மல்லியையும் தனித்தனியா வெத்தலையில மடிச்சுச் சாமி முன்னாடி போட்டாரு. பக்கத்து வீட்டுப் புள்ளை கவிப்ரியா, அஞ்சு வயசு, அது ஒண்ணை எடுத்துச்சு.

வெள்ளை.

இவுக என்னையத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே. நான் வேல்ராஜுட்டச் சொன்னேன், "பூசாரியண்ணே, பொட்டலத்தைச் சரியாக் குலுக்கலை. மூணு தடவை போடுங்க. ஒரு தடவை கேட்டுட்டுப் போறதுக்கு இது என்ன ரேசன் கடையா?" வேல்ராஜு முழிக்கிறாரு. இப்படி ஒரு பேச்சை அந்தக் கோயில்ல யாரும் பேசுனதில்லை. ரெண்டாவது செவப்பு. இவுக மொகம் மாறுது. மூணாவதும் செவப்பு வந்துச்சு. நான் அந்தப் புள்ளையைத் தூக்கி முத்தம் குடுத்தேன். முருகா, உனக்குப் புரிஞ்சது இந்த மனுசனுக்குப் புரியலையேன்னு அங்கனயே சத்தமாச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ராமநாதபுரம் பஜார்ல ரிஃபாய் கடைக்குப் போனோம். ரிஃபாய்க்குச் சொந்த ஊரு கீழக்கரை. துபாய்ல பன்னெண்டு வருசம் ஷூ கடையிலயே வேலை பாத்துட்டு வந்து இங்கன கடை போட்டிருக்கு. வேலை தெரிஞ்ச தம்பி. இவுகளை உக்கார வச்சு, ஏழாம் நம்பர் ஷூவை மாட்டிவிட்டுச்சு.

"எப்படிண்ணே இருக்கு? கடிக்குதா?"

"கடிக்கலை. நல்லா இருக்கு."

எட்டாம் நம்பர் மாட்டுச்சு. அதுவும் நல்லா இருக்கு. ஒம்போது, அதுவும் நல்லா இருக்கு. பத்தாம் நம்பரை மாட்டுனா, காலு உள்ள கெடந்து ஆடுது, "இதுவும் அம்சமா இருக்கு, இதையே எடுத்துருவோம்"னு எந்திரிக்கிறாக. ரிஃபாய்க்கு ஒண்ணும் புரியலை. இத்தனை வருசத்துல எல்லா ஷூவும் சரியா இருக்குன்னு சொன்ன ஆளை அது பாத்ததில்லையாம். வியாபாரத்துக்கு இதை விட நல்ல ஆளு கெடைக்குமா?

கடைசியா ஒரு ஷூவைப் போட்டுக்கிட்டு கடைக்குள்ள அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாக. "இதுதான் மெத்து மெத்துன்னு இருக்கு"ன்னாக. கழட்டுனா, ஷூ சப்பையாகாம இருக்குறதுக்கு உள்ள தாளைச் சுருட்டி அடைச்சு வைப்பாங்கள்ல, அந்தத் தாளு உருண்டை அப்படியே உள்ள கெடக்கு. கோலிக்குண்டு கணக்கா ரெண்டு உருண்டை. அதை மிதிச்சுக்கிட்டுத்தான் மெத்துன்னு இருக்குன்னு சொல்லியிருக்காக.

கடையில நின்ன ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. ரிஃபாய் சிரிக்கலை. என்னையத் தனியாக் கூப்பிட்டுச்சு. "அக்கா, அண்ணன் காலைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. நாம எதைக் குடுத்தாலும் அது சரிங்கும். இதே அளவுல பேசுற காலு ஒண்ணு வேணும். அது போட்டுப் பாத்துச் சொல்லணும். வீட்டுல மகன், தம்பி யாரும் இருக்காங்களா?"

மகன் இல்லை. தம்பி முத்தழகு காலு வாத்துக் காலு. நான் செருப்பைக் கழட்டிட்டு, அவுக பக்கத்துல உக்காந்து, என் காலை அவுக காலுக்குப் பக்கத்துல நீட்டுனேன்.

என் காலைப் பத்திச் சொல்லணும். எனக்குப் பெரிய காலு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்க மாமியா என் காலைப் பாத்துட்டு, "பொண்ணு லட்சணமா இருக்கு, காலுதான் மம்பட்டி கணக்கா இருக்கு"ன்னு சொல்லிருச்சு. மெட்டி போடுறப்ப ஆசாரி செஞ்சது பத்தாம, தட்டி விரிச்சுப் போட்டாங்க. அன்னையில இருந்து யாரு வீட்டுக்குப் போனாலும் சேலையை இழுத்துக் காலை மூடிக்கிட்டுத்தான் உக்காருவேன். செருப்புக் கடைக்குப் போறதுன்னாலே எனக்கு வெக்கம். பொம்பளைச் செருப்புல என் அளவு இருக்காது, ஆம்பளைச் செருப்புத்தான் எடுத்துத் தருவாங்க.

ரிஃபாய் அளவுக்கட்டையை வச்சுப் பாத்துச்சு. அவுகளுக்கும் எட்டு. எனக்கும் எட்டு. நூலு கூட வித்தியாசம் இல்லை.

"மாஷா அல்லாஹ்"ன்னுச்சு ரிஃபாய்.

என் காலைப் பாத்து நல்ல வார்த்தை சொன்ன மொத ஆளு அதுதான்.

ஏழு ஜோடி போட்டுப் பாத்தேன். ஒண்ணு முன்னாடி நெருக்குச்சு, ஒண்ணு கணுக்கால்ல இடிச்சுச்சு. நான் "கடிக்குது"ன்னு சொல்றப்பல்லாம் இவுக, "எனக்குக் கடிக்கலையே"ன்னு எதுத்த கட்சி பேசுறாக. எட்டாவது ஜோடிதான் ஒத்து வந்துச்சு. கறுப்பு ஷூ, ரெண்டு பக்கமும் கிளிப்பச்சையில கோடு. அரண்மனை வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்கக்கான்னு ரிஃபாய் சொல்லுச்சு. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அந்த ஷூவோட பஜார்ல நடந்தேன். பூக்காரம்மா பூக் கட்டுறதை நிறுத்திட்டு என் காலையே பாத்துச்சு. பாக்கட்டும்.

கெளம்புறப்ப ரிஃபாய் ஒண்ணு சொன்னுச்சு. "புது ஷூவை அப்படியே தூரமா நடக்கப் போட்டுக்கிட்டுப் போகக் கூடாதுக்கா. ஒரு மாசமாவது போட்டுப் பழக்கணும். எங்க கடிக்கும்னு அப்பத்தான் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. நீங்கதான் பழக்கணும்."

ஆக, பழனிக்கு நடக்கப் போறது அவுக. ஷூவைப் பழக்குறது நான்.

விடிஞ்சதும் கண்மாய்க் கரையில ஒரு நடை, பொழுது சாயுறப்ப ஒரு நடை. களத்துக்குள்ள மட்டும் போட மாட்டேன், மிளகாய் காயுற எடத்துல செருப்புக் காலோட யாரும் ஏற மாட்டோம். மத்தபடி வரப்பு, ரேசன் கடை, நூறு நாள் வேலை எல்லாத்துக்கும் ஷூதான். வெள்ளை சாக்ஸ் வேற. ஊரு சும்மா இருக்குமா? என் ஓரகத்தி நாகஜோதி இருக்காளே, அவளுக்கு வேற வேலையே இல்லாமப் போச்சு. "அக்கா, எந்தப் பள்ளிக்கொடத்துல சேந்திருக்கீக? யூனிபாரம்லாம் குடுத்துட்டாங்க போல." "பள்ளிக்கொடம் இல்லடி, போலீஸ்ல சேரப் போறேன். மொத கேசு உன் மேலதான்"னு சொல்லிட்டு நடந்தேன். ஆனா உள்ளுக்குள்ள கூசத்தான் செஞ்சுச்சு. காலை மூடியே பழகுனவ, இப்ப ஊரு முழுக்கக் காட்டிக்கிட்டு நடக்குறேன்.

ஆறாவது நாளு இடது குதிகால்ல சுருக்குன்னுச்சு. கழட்டிப் பாத்தா ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். ஷூ உள்ளுக்குள்ள ஒரு தையலு மடிஞ்சு முடிச்சா நிக்கிது. கண்ணுல தெரியாது, விரலை விட்டுத் தடவுனாத்தான் தெரியும். எனக்கு வலிச்சதை விடப் பயம்தான் பெருசா வந்துச்சு. இது அவுக காலா இருந்திருந்தா? அந்தக் கொப்புளம் ஒடைஞ்சு, சீழு வச்சு, ஒம்போது நாளும் அதுலயே நடந்து, பழனியில போயி நின்னுக்கிட்டு "எது?"ன்னு கேட்டிருப்பாக. கண்மாய்க் கரையிலயே உக்காந்துட்டேன்.

ரிஃபாய்ட்டக் கொண்டு போனேன். முடிச்சை அறுத்து, ஸ்பூன் காம்பால தேச்சு, மேல மெத்துத் துணி ஒட்டிக் குடுத்துச்சு. பிளாஸ்திரி போட்டுக்கிட்டு மறுபடியும் நடந்தேன்.

இதுக்கு நடுவுல டீக்கடையில இவுகளை ஓட்டியிருக்காங்க. "சாமியே கோவணத்தோட நிக்கிறாரு, பக்தனுக்கு ஷூ கேக்குதாக்கும்"னு ஒருத்தன். "அதுவும் பொண்டாட்டி போட்டுக் கழட்டுன ஷூ"ன்னு இன்னொருத்தன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தாக. "நான் போட மாட்டேன். வெறுங்காலோட போறேன். வாரது வரட்டும்"னாக.

எனக்கு வந்துச்சே கோவம். "வாரது வந்தா யாருக்கு வரும்? உங்களுக்கு வலிக்கவா போகுது? வலி பூராம் எனக்குத்தான. நல்லாக் கேட்டுக்கோங்க. வெறுங்காலோட நீங்க படி இறங்குனா, நானும் பின்னாடியே இறங்குவேன். இந்த ஷூவைத் தலையில வச்சுக்கிட்டு, செல்லச்சாமி ஷூவு, செல்லச்சாமி ஷூவுன்னு கூவிக்கிட்டே பழனி வரைக்கும் வருவேன். செய்வேனா மாட்டேனா?"

செய்வேன்னு அவுகளுக்குத் தெரியும். நான் பிளாஸ்திரியைப் பிரிச்சு குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டு இருந்தேன். அந்தப் புண்ணை அன்னைக்குத்தான் அவுக மொத மொதப் பாத்தது. "இது எப்ப?"ன்னாக. "உங்களுக்கு வர வேண்டியது, வழி தவறி எனக்கு வந்துருச்சு"ன்னேன். அதுக்கப்புறம் ஷூ வேண்டாம்னு ஒரு வார்த்தை பேசலை. மறுநாளு நான் நடந்துட்டு வந்து கழட்டுனதும், ஈரத்துணியை எடுத்து ஷூவைத் தொடைச்சு வெயில்ல வச்சாக. நான் பாக்காத மாதிரி போயிட்டேன்.

பங்குனியில மாலை போட்டு, ராமேஸ்வரம் தீர்த்தம் எடுத்து, நடை கெளம்பிருச்சு. பச்சை வேட்டி, கழுத்துல மாலை, கையில வேலு, காலுல கிளிப்பச்சைக் கோடு போட்ட ஷூ. வேட்டியும் ஷூவும் ஒண்ணுக்கொண்ணு நல்லாத்தான் எடுப்பா இருந்துச்சு. முத்தழகும் கூடப் போறான். அவன்ட்ட ஒரே ஒரு வேலை குடுத்தேன். "ஏலே, தெனமும் சாயங்காலம் தங்குற எடத்துல அத்தான் ரெண்டு பாதத்தையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும். ஒரு நாளு தவறுனாலும் நீ இந்த வீட்டுப் பக்கம் வந்துறாத."

அனுப்புனான். பரமக்குடியில பாதம். பார்த்திபனூர்ல பாதம். மானாமதுரையில பாதம். ஊருல எல்லாரும் போன்ல பேரன் பேத்தி போட்டோ வச்சிருக்காங்க, என் போன் பூராம் இந்த மனுசன் உள்ளங்காலு. நான் விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பாப்பேன். மதுரையில இருந்து வந்த போட்டோவைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. போனைப் போட்டேன். "ஏலே, இது நேத்து எடுத்தது. நேத்துக் கட்டைவிரலு நகத்துல சந்தனம் ஒட்டியிருந்துச்சு, இதுலயும் அதே எடத்துல ஒட்டியிருக்கு." "அத்தான் அசந்து தூங்கிட்டாருக்கா"ன்னான். "தூங்குறவருக்குப் பாதம் கழண்டா போயிரும்? எடுத்து அனுப்பு"ன்னேன். அனுப்புனான்.

வாடிப்பட்டி, செம்பட்டி எல்லாம் நல்லபடியாத் தாண்டிருச்சு. எட்டாவது நாளு ஒட்டன்சத்திரம். இன்னும் ஒரே ஒரு நாள் நடை. போட்டோவைப் பெருசாக்குனேன். வலது பாதத்துல, கட்டைவிரலுக்குக் கீழ, ஒரு செவப்பு. மிளகாய் விதை அளவு இருக்கும். முத்தழகுக்குப் போன் போட்டு, நடந்தது போதும், நிறுத்தச் சொல்லுன்னேன். "நான் சொல்லி அத்தான் எதை நிறுத்தியிருக்காரு? நாளைக்கு ஒரு நாள்தானக்கா"ன்னான். அவுகட்டப் போனைக் குடுன்னேன். அவுக வாங்கலை. நான் போட்டோவைப் பாத்துட்டேன்னு தெரிஞ்சு போச்சு போல. அவுக போனுக்கு அடிச்சேன், அணைச்சு வச்சிருக்காக.

நான் வேற என்ன செய்யுறது? பழனி இருக்குற பக்கமாத் திரும்பி நின்னு முருகனைத்தான் வஞ்சேன். இருபத்தி நாலு வருசம் உன்னையப் பாக்க வந்த ஆளு. ஒரு வருசம் நீ இறங்கி வந்து பாத்தா என்னவாம்? மலையில அப்படி என்ன வேலை உனக்கு?

மறுநாளு மத்தியானம் நான் களத்துல மிளகாயைக் கிண்டி விட்டுக்கிட்டு இருந்தேன். காட்டுப் பாதையில ஆட்டோ ஒண்ணு வருது. அதுல இருந்து பச்சை வேட்டி இறங்குது. எனக்கு ஒண்ணும் ஓடலை. இந்நேரம் பழனி மலை அடிவாரத்துல இருக்க வேண்டிய ஆளு. வேலு இல்லை, தீர்த்தச் செம்பு இல்லை. காலுல ஷூ மட்டும் இருக்கு.

வாங்கன்னு கூடச் சொல்லலை, தண்ணி கூடக் குடுக்கலை. கட்டில்ல உக்கார வச்சு ஷூவைக் கழட்டுனேன். சாக்ஸைப் பாத்தேன், வெள்ளையா இருந்துச்சு. உள்ளுக்கும் வெளிக்கும் திருப்பிப் பாத்தேன். அழுக்குத்தான், ரத்தம் இல்லை. பாதத்தை மடியில வச்சு விரலு விரலா விரிச்சுப் பாத்தேன். அந்தச் செவப்பு அப்படியே இருந்துச்சு. தோலு கிழியலை. கொப்புளம் கூட ஆகலை. ஒம்போது விரலும் இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் கேட்டேன். "ஏன் வந்தீக? இன்னும் ஒரு நாள்தான இருந்துச்சு?"

"காலையில ஷூவை மாட்டப் போனேன்"னாக. "முத்தழகுட்ட முகம் பாக்குற கண்ணாடியை வாங்கி, அடியில பிடிச்சுப் பாதத்தைப் பாத்தேன். நேத்தை விட இன்னைக்குக் கொஞ்சம் கூட இருக்குற மாதிரி இருந்துச்சு. தீர்த்தத்தையும் வேலையும் முத்தழகுட்டக் குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்."

வழி கேக்காத மனுசன், பிடிச்ச முயலை விடாத மனுசன், இருபத்தஞ்சு வருசத்து வைராக்கியத்தை ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி வச்சுட்டு வந்திருக்காக. என்னால நம்ப முடியலை. மொகத்தைப் பாத்தேன். அழுதிருக்காக. கண்ணு ரெண்டும் வீங்கி இருந்துச்சு.

"சாமிட்ட என்ன சொன்னீக?"

"மலை இருக்குற பக்கமா நின்னு கும்பிட்டேன். அப்பனே, இது என் காலு இல்லை, எம்பொண்டாட்டி காலு. வலியெல்லாம் அவ பட்டிருக்கா. சேதாரமில்லாம அவட்டக் கொண்டு போயி ஒப்படைக்கணும், மன்னிச்சிருன்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? அவரு வீட்டுல ரெண்டு பேரு. பேசாமப் போயிருடான்னுட்டாரு."

சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருக்குறப்ப அழுகை வந்துருச்சு. குனிஞ்சுக்கிட்டேன். கண்ணுத்தண்ணி சொட்டுச் சொட்டா அவுக பாதத்துல விழுந்துச்சு. அவுக தலைக்கு மேல மேகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாக.

"அழுகுறியா?"ன்னாக.

"இல்லை"ன்னேன்.

நம்பிட்டாக. பொய் சொல்றதுக்கு அந்தக் காலு ரொம்ப வசதி.